நூற்றுக்கு அறுபத்தெட்டு

முப்பத்தேழு வயது ஆளைப் பார்த்துக் கிழவன் என்று சொல்கிறவன் வாயில் சர்க்கரையா போட முடியும்? எனக்கு அப்போது முப்பத்தெட்டு. காலை ஏழு மணிக்குக் கார்ட்டியர்வில் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் டாக்டராக நாள் முழுக்க நோயாளிகளின் முழங்காலையும் தோளையும் மடக்கி நீட்டி, சாயந்திரம் திரும்பி வந்து சாம்பார் வைத்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டு. அதனால் ஆஸ்பத்திரி கான்டீனில் பக்கத்து மேஜைக்காரர்கள், "அந்தக் கிழவனை இன்னொரு வருஷம் எடுக்கலாமா, கூடாதா?" என்று பேசிக்கொண்டபோது, யாரோ எண்பது வயது நோயாளியை வார்டில் சேர்ப்பது பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கிழவனுக்கு வயது முப்பத்தேழு என்று தெரிந்ததும் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஒலிம்பிக்ஸ் வருகிறது என்று மாண்ட்ரியலையே தோண்டிப் போட்டிருந்தார்கள். கான்டீனில் பேசிக்கொண்டிருந்தது ஒரு புட்பால் கிளப்பைப் பற்றி. பேப்பரில் தினமும் வருகிற பெரிய அணி இல்லை. அதற்குப் பல படி கீழே, லாசாலில் ஒரு மைதானத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் ஆடுகிற சின்ன கிளப். புட்பால் என்றதும் நம்மூர் ஆட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். காலால் ஆடாத ஆட்டத்துக்கு எதற்கு அந்தப் பெயர் என்று நான் பல பேரைக் கேட்டுவிட்டேன், ஒருத்தரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. பந்தோடு ஓடி வருகிறவனை மறிப்பதற்கென்றே எதிர்ப்பக்கத்தில் நாலு தடியர்கள் முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். கிழவர் என்று பெயர் வாங்கினவர் அந்த நாலு பேரில் ஒருவர். ஒன்பது வருஷமாக அதே இடத்தில் நின்றவர்.

அந்த வருஷம் கிளப்புக்குப் புது மேனேஜர் வந்திருந்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும். ஏதோ சோப்புக் கம்பெனியில் இருந்தவனாம். சோப்பை எடை போட்ட மாதிரி ஆட்களையும் எடை போட வேண்டும் என்று ஆறு பக்கத்தில் ஒரு பாரம் அச்சடித்திருந்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனையும் டாக்டர் பரிசோதித்து, முழங்காலுக்கு இத்தனை, தோளுக்கு இத்தனை, மூச்சுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கடைசியில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அந்தக் கிளப்புக்கு வழக்கமாக வைத்தியம் பார்த்தவர் எங்கள் பிரிவின் தலைமை டாக்டர். அறுபத்தாறு வயது. ஊசி போடும்போது கை லேசாக நடுங்கும். அவரை எடுக்கலாமா கூடாதா என்று கான்டீனில் ஒருத்தரும் பேசியதில்லை. அவர் மீன் பிடிக்க வடக்கே போய்விட்டார். இளைஞர்களையெல்லாம் இந்த ஊரிலேயே படித்த ஒரு சின்ன டாக்டர் பார்த்து முடித்துவிட்டான். மிச்சமிருந்த ஒரே ஆள் என் தலையில் விழுந்தார்.

அவர் நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே வந்து, "பொன்ஜூர், டாக்டர்" என்றார். பெண் டாக்டர், அதுவும் புடவையில், என்று ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதற்கே என்னிடம் பாதி ஜெயித்துவிட்டார். அவர் பேசியது பிரெஞ்சு கலந்த ஆங்கிலம், நான் பேசியது தமிழ் கலந்த ஆங்கிலம். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எங்கெங்க அடிபட்டிருக்கு, சொல்லுங்க" என்றேன்.

"உக்காந்து எழுதுங்க டாக்டர். நேரமாகும்."

இடது முழங்காலில் ஆறு வருஷத்துக்கு முன் ஆபரேஷன். வலது தோள் இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. மூக்கு ஒரு தடவை உடைந்திருக்கிறது. சுண்டுவிரல் இரண்டும் கோணல். ஆட்டக்காரர்கள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள் என்று தலைமை டாக்டர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். இவரோ நான் கேட்காததையெல்லாம் சொன்னார். மழை நாளில் முழங்கால் காலையில் பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ளும் என்றுகூடச் சொன்னார். இதை எந்த மடையன் டாக்டரிடம் சொல்வான்? அவரை நாலு மாடி ஏறி இறங்கச் சொல்லி, நாடி பார்க்க நானும் கூடவே போனேன். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது. ஆபரேஷன் செய்த முழங்கால் இருபது வயது முழங்காலாக இல்லை, உண்மை. ஆனால் அதைச் சுற்றி அவர் வளர்த்து வைத்திருந்த தசை இருக்கிறதே, அந்த மாதிரித் தொடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சட்டையை மாட்டும்போது கேட்டேன். "ஒம்பது வருஷம் ஆடிட்டீங்க. இன்னும் ஒண்ணு எதுக்கு?"

"பத்து சீசன் ஆடினவன் போட்டோவ கிளப் சுவத்துல மாட்டுவாங்க. இதுவரைக்கும் நாலே பேருதான். நான் அஞ்சாவது."

"ஒரு போட்டோவுக்கா இந்தப் பாடு?"

அவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போட்டோ ஒரு சாக்கு டாக்டர். பத்து முடிஞ்சதும் நானே சொல்லிட்டுப் போயிடுவேன். நானாப் போகணும். போடான்னு சொல்லிப் போகக் கூடாது."

பாரத்தை அன்றைக்கே நிரப்பவில்லை. முன்வரிசையில் நிற்பவனுக்கு உடம்பில் எது தேவை என்று தெரியாமல் அவன் உடம்புக்கு நான் எப்படி மார்க் போடுவது? அந்தச் சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் பார்க்க லாசாலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் செயின்ட்-லாரன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர், டெலிவிஷனில் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதி பைத்தியமானவர். சோறும் தயிரும் டப்பாவில் கட்டிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, இவர் ஒருத்தனையும் பிடிக்கவே இல்லையே! பக்கத்துல நிக்கற பசங்கதானே பிடிக்கறாங்க?" என்றேன்.

"பந்தைப் பாக்காதே. அவரை மட்டும் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எதிரணியின் இரண்டு மலைகள் அவர் மேல் வந்து சாய்ந்தன. ஒருவரை மறிக்க இரண்டு பேர். அவர் பின்வாங்கவில்லை. மவுண்ட் ரோடு பஸ்ஸில் படிக்கட்டில் நின்று, மொத்தக் கூட்டத்தையும் முதுகால் தாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுப்பாரே கண்டக்டர், அப்படி நின்றார். இரண்டு பேரை அவர் இழுத்து வைத்துக்கொண்டதால் பக்கத்துப் பையனை மறிக்க ஆளில்லை. பையன் ஓடிப்போய்ப் பந்துக்காரனைக் கவிழ்த்துப் போட்டான். கைதட்டல் பையனுக்கு. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பவும் போய்க் குனிந்து நின்றவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் நான் தாங்கிப் பிடித்து எத்தனை பேர் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மார்க் போட்டேன். இதயம், மூச்சு, முதுகு, தோள். ஆபரேஷன் செய்த முழங்காலுக்குப் பத்துக்கு ஆறு. கத்தி பட்ட முழங்காலுக்கு ஆறு என்றால் அது நான் மனசார அள்ளிக் கொடுத்தது. கூட்டினேன். அறுபத்தெட்டு. இன்னொரு தடவை கூட்டினேன். அறுபத்தெட்டேதான். கொஞ்சம் அதிகமாகத்தான் போட்டுவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. எங்கள் கல்லூரியில் அனாட்டமிக்கு ஒரு எக்ஸாமினர் இருந்தார். பாடப் புத்தகம் எழுதினவனே வந்து வைவா வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்தாலும் எழுபது போட்டிருக்க மாட்டார். போகட்டும், இந்த மனுஷனுக்குத் தகும் என்று கட்டத்தில் 68 என்று பெரிதாக எழுதினேன். ஆறாம் பக்கத்தின் அடியில், முழு சீசனும் ஆட உடல் தகுதி உண்டு, இவரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். என்ன ஒரு நிம்மதி! நல்ல காரியம் செய்தவளாக அன்றைக்குப் படுத்துத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியோடு அவர் கிளினிக்குக்கு வந்தார்.

"பத்தாவது சீசனுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இல்ல டாக்டர். எடுக்கல. இது உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்ல. என் தோளை இவ்வளவு கவனமா இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

ஏன் என்று கேட்டேன். அவர்தான் சொன்னார். உடை மாற்றும் அறைச் சுவரில் மேனேஜர் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறான். எல்லார் பெயரும், பக்கத்தில் டாக்டர் போட்ட மார்க்கும். தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஒன்று என்று இறங்கி வருகிறது. எழுபத்தைந்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு பெயர்.

"அறுபத்தெட்டு போட்டேனே!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்க உள்ளதைத்தான் போட்டீங்க டாக்டர். பள்ளிக்கூடத்துலயும் எனக்கு அவ்வளவுதான் வரும்" என்று சொல்லி, கூடையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்பது வருஷம் ஆடின மனுஷன் கிளப் சுவரில் தன் படம் வரும் என்று இருந்தார். பெயர்தான் வந்தது, சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

அன்று வீட்டில் நான் ஆடிய ஆட்டத்துக்குப் பாத்திரங்கள்தான் சாட்சி. அந்த சோப்புக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கத்திரிக்காய் நறுக்கினேன். ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம் புரட்ட அவனுக்குக் கை வலிக்கிறதா? கடைசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு எதற்கு ஆறு பக்கம்?

"எவ்வளவு போட்டே?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டா! அடேயப்பா, எனக்கே நீ அவ்வளவு போட மாட்டியேம்மா!"

"அதைத்தானே சொல்றேன்! அறுபத்தெட்டு போட்டும் எடுக்கலைன்னா அவனுக்கு மனசாட்சி இருக்கா? மத்தவனுக்கெல்லாம் தொண்ணூறு போட்டிருக்கான் அந்தச் சின்ன டாக்டர். தொண்ணூறாம்! கடவுளுக்கா மார்க் போட்டான்?"

அவர் தட்டு துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு கேட்டார். "ஏம்மா, அனாட்டமில உனக்கு எவ்வளவு?"

"அறுபத்தி நாலு" என்றேன், எப்போதும் சொல்கிற அதே கர்வத்தோடு. "எங்க செட்லயே நான்தான் முதல்..."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுத இன்றைக்கும் வயிறெரிகிறது. அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது, என் மார்க் லிஸ்டை எடுத்துக்கொண்டு, டாக்டர் வேலைக்கு அனுமதி தருகிற ஒரு அலுவலகத்துக்குப் போனேன். சென்னையில் ஐம்பது என்றால் பாஸ். அறுபது என்றால் முதல் வகுப்பு, வீட்டில் பாயசம். அறுபத்து நாலு வாங்கின நாளன்று என் அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். இங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப அன்பாக, "படிப்பு கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார். அவர்கள் கணக்கில் அறுபத்து நாலு என்றால் தட்டுத்தடுமாறித் தேறின கேஸ். கல்லூரியிலேயே முதலாவது நான், மெடல் வாங்கினவள் என்று சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்கிற மாதிரிச் சிரித்தார். முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் ஹவுஸ் சர்ஜன் வேலை. இருபத்து நாலு வயதுப் பொடியன்கள் ஏவ, இரண்டு வருஷம் வார்டு வார்டாக ரத்தம் எடுத்தேன். அந்த அலுவலகக்காரரை நான் திட்டாத நாளில்லை. கோவிலில் கண்ணை மூடிக்கொண்டுகூடத் திட்டியிருக்கிறேன்.

அதே நான்! அதே காரியத்தை இன்னொரு மனுஷனுக்குச் செய்துவிட்டேன். ஆறு வருஷமாக யாருக்கும் மார்க் போட வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. முதல் தடவை பேனாவை எடுத்ததும் அந்த அனாட்டமி எக்ஸாமினர் எழுந்து வந்து என் கைக்குள் உட்கார்ந்துகொண்டார். பட்டவளுக்கே புத்தி வரவில்லை என்றால் வேறு யாருக்கு வரும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"விடு, நாளைக்குப் போன்ல சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"போன்லயா? நேரே போறேன். என் மார்க் லிஸ்ட் எந்தப் பெட்டில இருக்கு?"

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மெட்ரோவில் போய் இரண்டு பஸ் மாறி லாசாலில் இறங்கினேன். கிளப் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில். சுவரில் நாலு போட்டோ வரிசையாகத் தொங்கியது. ஐந்தாவதுக்கு இடம் காலியாக இருந்தது, ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள். மேனேஜர் எழுந்து கை கொடுத்தான். கொடுத்த கையைக் கவனிக்காத மாதிரி, மார்க் லிஸ்டை அவன் முன்னால் விரித்து வைத்தேன்.

"இது என் மார்க். அறுபத்தி நாலு. அந்த வருஷம் என் கல்லூரில இதுதான் எல்லாரையும் விட அதிகம். எங்க ஊர் கணக்குல அறுபத்தெட்டுன்னா இங்க தொண்ணூத்தஞ்சு. தப்பு என்னோடது. பாரத்தைக் கொடுங்க, மாத்திடறேன்."

அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "உங்க கல்லூரிலயே முதல் ஆள் அறுபத்தி நாலா?"

"ஆமாம்."

"அப்படின்னா எங்க ஆள யாருகிட்ட அனுப்பியிருக்கோம்னு இப்பதான் எனக்கு யோசனையா இருக்கு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாதாரணமாக எனக்கு மூக்கு மேல் கோபம். அன்று எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டேன். வந்த காரியம் என்னுடையது அல்லவே.

"என் மார்க்கை விடுங்க. ஆறாம் பக்கத்தைப் படிங்க. எடுத்துக்கணும்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கேன். அதைப் படிச்சிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது."

"படிச்சேனே" என்றான்.

"எப்போ?"

"வந்த அன்னிக்கே. உங்க கையெழுத்து நல்லாவே இருந்துச்சு டாக்டர்." நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அவனை எடுக்கறதில்லைன்னு ஜனவரிலயே முடிவு பண்ணிட்டேன். அந்த இடத்துக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. ஆனா ஆட்டக்காரங்க எல்லாருக்கும் அவன் மேல உசிரு. காரணமில்லாம அனுப்பினா எனக்குத்தான் தலைவலி. ஆறு பக்கத்தைச் சுவத்துல ஒட்ட முடியாது. நம்பரை ஒட்டலாம்."

சொல்லிவிட்டு என் மார்க் லிஸ்டை நான்காக இருந்த அதே மடிப்பில் மடித்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். கீழே டயர் கடைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என்ன பிரயோஜனம்? தெரியாமல் செய்தவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தே செய்தவனுக்கு என்ன சொல்வது? எடுக்காமல் விட அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நான் அதை என் கையாலேயே பெரிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கிளப்பின் கமிட்டிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. மீன் பிடித்துத் திரும்பிய தலைமை டாக்டரிடம் சொன்னேன். அவர், "முப்பத்தேழு வயசு... எப்படியும் ஒருநாள் நிறுத்தித்தானே ஆகணும்" என்றார். நடுங்குகிற கையோடு இதைச் சொன்னார். நிறுத்தித்தான் ஆக வேண்டும், யார் இல்லை என்றார்கள்? எந்த நாள் என்பதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அந்த மனுஷனுக்கு இல்லையா? இதைக் கேட்டே விட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சரிதான் போய்யா என்று இருந்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியும் கேட்காமல் ஆட்டம் பார்க்கப் போனேன். அவர் நின்ற இடத்தில் தொண்ணூற்று நாலு மார்க் வாங்கிய பையன் நின்றான். பாவம், நல்ல பையன்தான். அவனை ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போனான். பக்கத்தில் இருந்தவனை மறிக்க இன்னொருவன் ஓய்வாக வந்து சேர்ந்தான். வழி கோவில் வாசல் மாதிரி திறந்து கிடந்தது. மூன்று தடவை அதே இடத்தில் உள்ளே வந்து பாயின்ட் எடுத்தார்கள். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது. எழுந்து நின்று கைதட்டினேன். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி, நான் எந்தக் கட்சி என்று கேட்டாள். வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்காரவைத்தார்.

நவம்பரில், முதல் பனி விழுந்து சாலையெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு மத்தியானம், அவர் மறுபடி கிளினிக்குக்கு வந்தார். கையில் கூடை இல்லை, ஒரு காகிதம் இருந்தது. லாசாலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் வேறு யாரிடமாவது போயிருக்கலாம். கோட்டுக்குக் கீழே தள்ளிவிட்ட டாக்டரிடமே வந்திருந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சென்னையின் அறுபத்து நாலு, இந்த ஊரின் தொண்ணூறு, ஆறாம் பக்கம், ஜனவரியிலேயே எடுத்த முடிவு, எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டேன்.

கடைசியில், "ஆறாம் பக்கத்துல என்ன எழுதியிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மேஜை மேல் ஏறி உட்காரச் சொல்லி, முழங்காலை மடக்கினேன், நீட்டினேன். தோளைச் சுற்றினேன். மே மாதம் இருந்தது போலவேதான் இருந்தது, ஒரு மயிரிழை மாற்றமில்லை. கிடங்கின் காகிதம் ஒரே பக்கம்தான். அதன் அடியிலும் ஒரு கட்டம் இருந்தது. கனமான வேலைக்கு இவரது உடல் தகுதி நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் யாருக்கும் போடாததை, போடுவேன் என்று கனவிலும் நினைக்காததை, யோசிக்காமல் எழுதினேன். நூறு.

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதே முழங்கால்தானே, டாக்டர்?"

"அதே முழங்கால்தான்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மெர்ஸி" என்று நன்றி சொல்லிவிட்டு, நிலைப்படியில் குனிந்து வெளியே போனார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பெட்டி தூக்கினார்.